மின்வெட்டுக் காலத்தில் எதை அணைப்பது, எப்போது அணைப்பது

கேள்வி இதுதான்: மின்தட்டுப்பாடு வந்துவிட்டது. தினமும் சில மணி நேரம் கரண்ட் போகிறது, சிக்கனமாகப் பயன்படுத்தச் சொல்லி அறிவிப்பும் வருகிறது. தேவையில்லாத விளக்குகளை அணைக்கிறோம், செல்போன் சார்ஜரைப் பிளக்கிலிருந்து பிடுங்கி வைக்கிறோம், டிவியை ரிமோட்டில் அணைத்த பிறகு சுவிட்சையும் அணைக்கிறோம். அப்படியும் மீட்டரில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வேறு என்ன செய்யலாம்? பெரிய இன்வெர்ட்டர் வாங்கினால் பிரச்சினை தீருமா?

சார்ஜர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். போன் மாட்டாமல் சும்மா தொங்கும் இன்றைய சார்ஜர் ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு எடுக்கும், மிஞ்சிப்போனால் பத்தில் மூன்று பங்கு. ஆண்டு முழுக்கப் பிடுங்காமலே விட்டாலும் மொத்தம் 3 யூனிட்டைத் தாண்டாது (ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்). 2000 வாட் கீசர் அதே 3 யூனிட்டை ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடும். சார்ஜரைப் பிடுங்குவதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அதைச் செய்ததும் நம் கடமை முடிந்தது என்ற நிம்மதி வந்துவிடுகிறது பாருங்கள், அதுதான் ஆபத்து.

இனி முக்கியமான விஷயம். தட்டுப்பாடு என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அதில் இரண்டு வகை உண்டு. எந்த வகை என்று தெரியாமல் சிக்கனம் செய்தால் பாதி உழைப்பு வீண்.

முதல் வகையில் மின்சாரம் தயாரிக்கத் தேவையான பொருளே போதவில்லை. அணையில் தண்ணீர் இல்லை, அல்லது நிலக்கரியோ எரிவாயுவோ வந்து சேரவில்லை. அங்கே எந்த நேரத்தில் ஒரு யூனிட் மிச்சம் பிடித்தாலும் அது லாபம், ஏனென்றால் இன்று இரவு செலவாகாத தண்ணீர் நாளைக்கும் அணையில் இருக்கும். 2001-ல் பிரேசிலில் நடந்தது இதுதான். மழை பொய்த்து நீர்மின் அணைகள் வற்றியதால் ஜூன் 2001 முதல் பிப்ரவரி 2002 வரை பங்கீட்டு முறை கொண்டுவந்தார்கள். பெரும்பாலான வீடுகள் முந்தைய ஆண்டில் பயன்படுத்திய அளவிலிருந்து 20 சதவீதம் குறைக்க வேண்டும், இல்லையென்றால் கூடுதல் கட்டணம், மீறிக்கொண்டே போனால் இணைப்புத் துண்டிப்பு. சொன்ன அளவுக்கும் கீழே குறைத்தவர்களுக்கு ஊக்கத்தொகை. மக்கள் குறைத்தார்கள். பங்கீடு முடிந்து பல ஆண்டுகள் ஆகியும் வீட்டுப் பயன்பாடு பழைய அளவுக்குத் திரும்பவில்லை.

இரண்டாவது வகையில் பொருள் இருக்கிறது, ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டால் கொடுக்கும் அளவுக்கு மின் நிலையங்களோ கம்பிகளோ டிரான்ஸ்பார்மர்களோ இல்லை. மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சேமித்து வைக்க வழியில்லை. கேட்கும் அளவும் தயாரிக்கும் அளவும் நொடிக்கு நொடி சமமாக இருந்தாக வேண்டும். கேட்பது கூடினால் மின்கட்டமைப்பின் அதிர்வெண், அதாவது 50 ஹெர்ட்ஸ் என்று சொல்லும் எண் (சில நாடுகளில் 60), இறங்கத் தொடங்கும். ஓர் எல்லைக்கு மேல் இறங்கினால் மின் நிலையங்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள ஒவ்வொன்றாக விலகி, எல்லாமே இருண்டுவிடும். அது நடக்காமல் இருக்கத்தான் சில பகுதிகளை முன்கூட்டியே துண்டிக்கிறார்கள். நாம் மின்வெட்டு என்று சொல்வது அதைத்தான். இந்த வகைத் தட்டுப்பாட்டில் நள்ளிரவில் ஒரு யூனிட் மிச்சம் பிடிப்பதால் யாருக்கும் பெரிய உபகாரம் இல்லை. மாலை 7 மணிக்கு ஆயிரம் வாட் கேட்காமல் இருந்தால் அது உபகாரம்.

இதற்கு நல்ல உதாரணம் 2011-ல் ஜப்பான். மார்ச் 11 பூகம்பம், சுனாமிக்குப் பிறகு அணுமின் நிலையங்கள் நின்றுவிட்டன. அந்தக் கோடையில் டோக்கியோ, தோஹோகு பகுதிகளில் உச்ச நேரப் பயன்பாட்டை 15 சதவீதம் குறைக்க இலக்கு வைத்தார்கள். கார் தயாரிப்பாளர்கள் ஒன்றுசேர்ந்து சனி, ஞாயிறு விடுமுறையை வியாழன், வெள்ளிக்கு மாற்றிக்கொண்டார்கள். நெருக்கடியான வாரநாட்களில் ஆலை ஓடாது, மின்தேவை குறையும் சனி, ஞாயிறில் ஓடும். செய்த வேலையின் அளவு அதேதான், நாள் மட்டும்தான் மாறியது.

உங்கள் பகுதியில் எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது? வெட்டு வரும் நேரத்தைப் பாருங்கள். மாலையில் மட்டுமோ, கடும் கோடையில் பிற்பகலில் மட்டுமோ போகிறது என்றால் பெரும்பாலும் இரண்டாவது வகை. சூரிய மின்சாரம் நிறைய உள்ள இடங்களில் இந்த மாலை நெருக்கடி இன்னும் செங்குத்தாக இருக்கும், ஏனென்றால் வெயில் இறங்கும் அதே நேரத்தில்தான் எல்லோரும் வீடு திரும்பி எல்லாவற்றையும் போடுகிறார்கள். அணை நீர்மட்டம், எரிபொருள் இருப்பு என்று செய்தி ஓடிக்கொண்டிருந்தால், இரவும் பகலும் ஒரே மாதிரி வெட்டினால், முதல் வகை. இரண்டும் கலந்தும் வரும். பொதுவாக இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: முதல் வகையில் யூனிட்டைக் குறைக்க வேண்டும், இரண்டாவதில் நெருக்கடி நேரத்து வாட்டைக் குறைக்க வேண்டும். மிக்ஸி 500 வாட்டுக்கு மேல் இழுக்கும், ஆனால் ஓடுவது சில நிமிடம், அதனால் யூனிட் கணக்கில் அது ஒன்றுமே இல்லை. பிரிட்ஜ் இழுப்பது நூற்றுச் சொச்சம் வாட்தான், ஆனால் நாள் முழுக்க விட்டுவிட்டு ஓடி ஒரு யூனிட்டைச் சாப்பிடும்.

சரி, உங்கள் வீட்டில் எது சாப்பிடுகிறது? ஊகம் வேண்டாம், மீட்டரே சொல்லும். மின்னணு மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்பது மீட்டரின் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். பல மீட்டர்களில் 3200, சிலவற்றில் 1600 அல்லது வேறு எண். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மினுக்குகிறது என்று எண்ணி, அதை 60-ஆல் பெருக்கி, அந்த எண்ணால் வகுத்தால் அந்த நொடியில் வீடு எத்தனை கிலோவாட் இழுக்கிறது என்று வந்துவிடும். 3200 மீட்டரில் நிமிடத்துக்கு 16 மினுக்கல் என்றால் 0.3 கிலோவாட், அதாவது 300 வாட். ஒருவர் மீட்டரிடம் நிற்க, இன்னொருவர் ஒவ்வொரு சாதனமாகப் போட்டு அணைத்தால் ஒரு மணி நேரத்தில் வீட்டின் ஜாதகமே கையில் இருக்கும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் எண்ணும் வேலையை அவர்களிடம் கொடுங்கள், அப்புறம் ஸ்விட்சை அணைக்கச் சொல்லி நீங்கள் கத்த வேண்டியிருக்காது.

கடைசியாக, பிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பாருங்கள். எல்லாம் அணைத்ததாக நினைத்த பிறகும் 3200 மீட்டர் நிமிடத்துக்கு இரண்டு முறை மினுக்கினால் ஏறக்குறைய 38 வாட் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. நாளுக்கு 0.9 யூனிட், மாதத்துக்கு 27. இதில் அடிக்கடி மாட்டும் ஆள் செட்டாப் பாக்ஸ். ரிமோட்டில் அணைத்தாலும் பல பெட்டிகள் ஓடும்போது எடுத்த அளவையே ஏறக்குறைய தொடர்ந்து எடுக்கும், 10 வாட்டுக்குக் குறையாது. டிவி அப்படி இல்லை, காத்திருப்பில் அரை வாட்தான். ஆக டிவி சுவிட்சை அணைத்து, செட்டாப் பாக்ஸைப் பச்சை விளக்கோடு விடுவது தலைகீழான சிக்கனம். எல்லாம் அணைத்த பிறகும் விடை கிடைக்காமல் மினுக்கிக்கொண்டே இருந்தால் வயரிங்கில் கசிவு இருக்கலாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இப்போது பெரிய ஆட்களுக்கு வருவோம். வீட்டில் மின்சாரம் அதிகம் போவது வெளிச்சத்துக்கோ பாட்டுக்கோ படத்துக்கோ இல்லை, சூடாக்கவும் குளிரவைக்கவும்தான். இது இயற்பியல். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1.16 வாட்-மணி தேவை, எந்தக் கம்பெனி ஹீட்டரானாலும் இதில் தப்பிக்க முடியாது. ஒரு வாளி, 15 லிட்டர், 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்கு ஏற்ற 0.35 யூனிட். அந்த மின்சாரத்தில் 9 வாட் எல்இடி பல்பு 39 மணி நேரம் எரியும். ஒரு வாளி வெந்நீரைக் குறைத்தவர், நாலைந்து நாள் சாயங்காலம் முழுக்க ஒரு விளக்கை எரியவிட்டாலும் கணக்கு நேராகிவிடும். இருட்டில் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொண்டு, பிறகு ஷவரில் கால் மணி நேரம் சுடுதண்ணீர் விடுவதில் அர்த்தமே இல்லை.

கீசரை நாள் முழுக்க ஆனில் விடாதீர்கள். தொட்டி வகைக் கீசர் நீர் ஆறும்போதெல்லாம் மறுபடி சூடாக்கிக்கொண்டே இருக்கும், அந்த வெப்பம் சுவர் வழியாகப் போவதுதான் மிச்சம். 15 லிட்டர் தொட்டியை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 2000 வாட் ஹீட்டருக்கு இருபது நிமிடம் போதும். அதுவும் அப்படியே குளிக்கிற சூடு இல்லை, பச்சைத் தண்ணீர் கலந்தால் இரண்டு பேருக்கு வரும். குறைந்த சூட்டில் வைத்தால் மிச்சமாகுமே என்று தெர்மோஸ்டாட்டை 40-க்கு இறக்கி நாள்கணக்கில் வைத்திருப்பது வேண்டாம். வெதுவெதுப்பாகத் தேங்கும் நீரில் லெஜியோனெல்லா போன்ற கிருமிகள் வளரும். 60-க்கு ஏற்றி, பயன்படுத்தி, அணைத்துவிடுவதே நல்லது. வெயில் இருக்கும் ஊரில் மொட்டைமாடித் தொட்டி நீர் மதியத்துக்கு மேல் தானாகவே சூடாக இருக்கும், குளிக்கும் நேரத்தைக் கொஞ்சம் மாற்றினால் ஹீட்டரே வேண்டாம்.

துவைக்கும் இயந்திரத்திலும் இதே கதை. டிரம்மைச் சுற்றும் மோட்டார் எடுப்பது சில நூறு வாட், உள்ளே இருக்கும் ஹீட்டர் எடுப்பது 2000 வாட் அளவில். வெந்நீர்த் துவைப்பில் பெரும்பகுதி மின்சாரம் தண்ணீரைச் சூடாக்கத்தான் போகிறது. பச்சைத் தண்ணீரில் ஓடவிட்டால் மோட்டார் செலவு மட்டும்தான். துணி உலர்த்தும் இயந்திரம் இருந்தால் மின்வெட்டு முடியும்வரை அதை மறந்துவிடுங்கள், கொடி போதும்.

அடுப்படியில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்துவிட்டால் அது ஏறக்குறைய 100 டிகிரி. மின்னடுப்பை முழு வேகத்தில் வைத்தாலும் அதற்கு மேல் ஏறாது, ஆவிதான் அதிகம் போகும். கொதி வந்ததும் அடுப்பைக் குறைத்து மூடி போட்டால் அதே நேரத்தில் வேகும். பிரஷர் குக்கரில் கொதிநிலை 120 டிகிரி அளவுக்கு ஏறுவதால்தான் அங்கே சீக்கிரம் வேகிறது. ஊறவைக்கக்கூடியதை ஊறவைத்துவிட்டு வேகவைத்தால் நேரம் பாதியாகும். கெட்டிலில் ஒரு கப் வேண்டுமென்றால் ஒரு கப் அளவுக்கே ஊற்றுங்கள். கம்பிச்சுருள் சூடாகும் காயில் அடுப்பு என்றால் சில நிமிடம் முன்பே அணைக்கலாம், சூடு தங்கும். இன்டக்‌ஷனில் அது பலிக்காது, பாத்திரம்தான் சூடாகிறது, அடுப்பு இல்லை.

இந்தச் சூடாக்கும் சாதனங்கள் யூனிட்டில் மட்டுமல்ல, உச்ச நேர வாட்டிலும் முதல் குற்றவாளிகள். கீசர் 2000, மின்னடுப்பு 1800, அயர்ன்பாக்ஸ் 1000. மாலையில் மூன்றும் ஒன்றாக ஓடினால் ஒரே வீடு ஏறக்குறைய ஐந்து கிலோவாட் கேட்கிறது. அயர்ன் பண்ணுவதை மதியத்துக்கும், குளியலைக் காலைக்கும் நகர்த்தினால் யூனிட் குறையாது, ஆனால் இரண்டாவது வகைத் தட்டுப்பாட்டில் இதைவிடப் பெரிய உதவி ஒரு வீடு செய்ய முடியாது. தண்ணீர் மோட்டாரும் அப்படித்தான். ஒரு எச்பி மோட்டார் ஏறக்குறைய ஒரு கிலோவாட் இழுக்கும். தொட்டி நிறைந்து வழியும்வரை மாலையில் ஓடவிடாமல், நெருக்கடி இல்லாத நேரத்தில் ஏற்றிவையுங்கள். முன்பு 20 நிமிடத்தில் நிறைந்த தொட்டிக்கு இப்போது 40 நிமிடம் ஆகிறது என்றால் மோட்டாரையோ அடிவால்வையோ பார்க்க வேண்டிய நேரம்.

ஏசிதான் அடுத்தது, இதில் தவறான நம்பிக்கைகள் அதிகம். 16 டிகிரியில் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்பது முதல் நம்பிக்கை. பழைய வகை ஏசியில் கம்ப்ரஸர் ஒன்று முழுசாக ஓடும், இல்லையென்றால் நிற்கும். 16 வைத்தாலும் 26 வைத்தாலும் 26-ஐ எட்டும் வேகம் ஒன்றுதான். 16 வைத்தால் அது நிற்கவே நிற்காது, அவ்வளவுதான் வித்தியாசம். இன்வெர்ட்டர் ஏசியும் (கம்ப்ரஸர் வேகம் கூடிக் குறையும் வகை, பேட்டரி இன்வெர்ட்டர் வேறு) அறை நன்றாகச் சூடாக இருக்கும்போது தானாகவே முழு வேகத்தில்தான் ஓடும், பிறகு தேவைக்கேற்ப இறங்கும். அந்த இறக்கத்தில்தான் அதன் சிக்கனமே இருக்கிறது, 16-ல் வைத்து அதைக் கெடுக்காதீர்கள். வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்று பொதுவாகச் சொல்வார்கள். வீட்டுக்கு வீடு மாறும், ஆனால் திசை சரி. 26 அல்லது 27 வைத்து மேலே மெதுவாக விசிறியைப் போட்டால் 24-ல் இருப்பது போலவே உடம்புக்குத் தோன்றும். ஏசியை ஓட்ட ஆயிரம் வாட்டுக்கு மேல், விசிறிக்கு ஐம்பது சொச்சம்.

ஆனால் ஏசியைத் தொடுவதற்கு முன் ஜன்னலைப் பாருங்கள். நேர் வெயில் விழும் ஒரு சதுர மீட்டர் சாதாரணக் கண்ணாடி வழியாக 500 வாட்டுக்கும் மேல் வெப்பம் உள்ளே வரலாம். அறைக்குள் ஒரு சின்ன ஹீட்டரை ஓடவிட்டு, அதை வெளியேற்ற இன்னொரு இயந்திரத்தை ஓடவிடுகிறோம். உள்ளே போடும் திரை ஓரளவு உதவும், ஆனால் அதற்குள் வெப்பம் கண்ணாடியைத் தாண்டி வந்துவிடுகிறது. வெளியே தட்டி, படுதா, பந்தல் எதுவானாலும் கட்டி வெயிலைக் கண்ணாடிக்கு முன்பே நிறுத்துவது பல மடங்கு மேல். மொட்டைமாடிக்கு வெள்ளை அடிப்பதும் மேல்தளத்தில் இருப்பவர்களுக்கு நன்றாக வேலை செய்யும். வெளியே உள்ளதைவிட உள்ளே குளிர்ச்சியாக இருக்கும்வரை ஜன்னலை மூடுங்கள், இரவில் வெளியே குளிர்ந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பகலில் காற்று வரட்டும் என்று திறந்து அனல் காற்றை உள்ளே விட்டு, இரவில் சாத்திக்கொள்கிறார்கள்.

மாலை உச்ச நேர நெருக்கடி என்றால் ஒரு உத்தி உண்டு. நெருக்கடி தொடங்கும் முன்பே அறையைக் குளிரவைத்துவிட்டு, நெருக்கடி நேரத்தில் இரண்டு மூன்று டிகிரி ஏற்றிவிடலாம். சுவரும் கட்டிலும் அலமாரியும் அந்தக் குளிர்ச்சியைக் கொஞ்ச நேரம் தாங்கும். எரிபொருள் பற்றாக்குறை என்றால் இதைச் செய்யாதீர்கள், ஏனென்றால் இதில் மொத்த யூனிட் கொஞ்சம் கூடவே ஆகும். ஒரே செயல் ஒரு வகையில் உதவி, இன்னொரு வகையில் வீண். அதனால்தான் வகையைத் தெரிந்துகொள்ளச் சொன்னேன்.

விசிறி ஆளைக் குளிர்விக்கும், அறையைக் குளிர்விக்காது. அறையில் யாரும் இல்லாதபோது ஓடும் விசிறி மோட்டார் சூட்டை அறையில் சேர்ப்பதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை. பழைய கூரை விசிறி 75 வாட் அளவில் எடுக்கும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை மோட்டார் கொண்ட பிஎல்டிசி விசிறி அதே காற்றுக்கு 30 வாட் அளவில். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் ஒரு விசிறியில் மாதம் 20 யூனிட் மிச்சம். பழைய பெரிய பெட்டி ரெகுலேட்டரில் வேகத்தைக் குறைத்தால் பெரிதாக மிச்சமாகாது, குறைந்த மின்சாரத்தில் ஒரு பகுதி அந்தப் பெட்டியிலேயே சூடாகப் போய்விடும். மின்னணு ரெகுலேட்டரில் உண்மையாகவே குறையும். ஒரு எச்சரிக்கை: வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் விசிறி உடம்பைக் குளிர்விப்பதற்குப் பதில் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்போது ஈரத்துணியும் நிழலும் தண்ணீரும்தான் கைகொடுக்கும்.

பிரிட்ஜை அணைத்து அணைத்துப் போடாதீர்கள், அதனால் பெரிய மிச்சம் கிடையாது, உள்ளே இருப்பதுதான் கெடும். கீழ்ப்பகுதி 4 டிகிரி, ஃப்ரீஸர் மைனஸ் 18 இருந்தால் போதும், அதற்குக் கீழே இறக்க வேண்டாம். பின்பக்கம் சுவரோடு ஒட்டாமல் காற்று போக இடம் விடுங்கள். கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள், சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம். பழைய வகை ஃப்ரீஸரில் பனி விரல்கனம் சேர்ந்துவிட்டால் உருக்கிவிடுங்கள். மின்வெட்டின்போது கதவைத் திறக்காமல் இருந்தால் கீழ்ப்பகுதி 4 மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீஸர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். ஃப்ரீஸரில் காலி இடம் இருந்தால் தண்ணீர் பாட்டில்களை, விரிய இடம் விட்டு, வைத்துவிடுங்கள். உறைந்த தண்ணீர்தான் வீட்டில் இருக்கும் மலிவான பேட்டரி.

இப்போது யாரும் சொல்லாத ஒரு நேரத்துக்கு வருகிறேன்: கரண்ட் திரும்பி வரும் அந்த ஐந்து நிமிடம். வெட்டு நேரத்தில் எல்லா வீட்டுப் பிரிட்ஜும் கொஞ்சம் சூடாகியிருக்கும், எல்லா ஏசியும் ஆனிலேயே இருக்கும், எல்லா இன்வெர்ட்டர் பேட்டரியும் காலியாகியிருக்கும். சாதாரண நேரத்தில் இவை மாறி மாறி ஓடும். கரண்ட் வந்த நொடியில் அத்தனையும் ஒன்றாகக் கேட்கும், வெட்டுக்கு முன்பு இருந்ததைவிடச் சுமை அதிகமாகிவிடும். வந்த கரண்ட் இரண்டு நிமிடத்தில் மறுபடி போவதற்கு இது ஒரு காரணம். அதனால் கரண்ட் போனதும் ஏசி, கீசர், மோட்டார், மின்னடுப்பு சுவிட்சுகளை அணைத்துவிடுங்கள், ஒரு விளக்கை மட்டும் ஆனில் விடுங்கள். கரண்ட் வந்து ஐந்து நிமிடம் கழித்து ஒவ்வொன்றாகப் போடுங்கள். உங்கள் ஏசிக்கும் இது நல்லது, நின்ற உடனே கம்ப்ரஸரைக் கிளப்பினால் உள்ளழுத்தம் சமமாகாமல் மோட்டார் திணறும். வோல்டேஜ் மிகவும் குறைவாக இருக்கும்போதும் மோட்டார் உள்ள சாதனங்களைப் போடாதீர்கள், அவை அதிக ஆம்பியர் இழுத்துச் சூடாகும்.

எதைக் குறைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கைக்குழந்தை, முதியவர், நோயாளி இருக்கும் அறையில் கடும் வெயில் நேரத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் போன்ற கருவி இருந்தால் அதற்கென்று தனியாக மாற்று ஏற்பாடு வேண்டும், மின்வாரியத்திலும் மருத்துவமனையிலும் முன்பே தெரிவித்துவையுங்கள். ஜெனரேட்டர் வைத்திருந்தால் வீட்டுக்குள்ளோ, பால்கனியிலோ, ஜன்னலுக்குப் பக்கத்திலோ ஓட்டாதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். ஜெனரேட்டரைச் சுவர் பிளக்கில் சொருகி வீட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் வேலையும் வேண்டாம், அந்த மின்சாரம் கம்பி வழியே வெளியே போய், வேலை பார்த்துக்கொண்டிருக்கும் லைன்மேனைத் தாக்கும்.

கடைசியாக உங்கள் இன்வெர்ட்டர் கேள்வி. இன்வெர்ட்டர் மின்சாரத்தைத் தயாரிப்பதில்லை, கரண்ட் இருக்கும்போது எடுத்து வைத்துக்கொண்டு இல்லாதபோது கொடுக்கிறது, நடுவில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. சாதாரண லெட்-ஆசிட் பேட்டரியில் சார்ஜ் ஏறும்போது ஒரு இழப்பு, இறங்கும்போது ஒரு இழப்பு, இன்வெர்ட்டருக்குள் ஒரு இழப்பு. போட்டதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்தால் நல்லது. லித்தியம் பேட்டரியில் இழப்பு குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. ஆகவே பொருளே இல்லாத முதல் வகைத் தட்டுப்பாட்டில் ஊரெல்லாம் இன்வெர்ட்டர் வைத்தால் மொத்தத் தேவை கூடத்தான் செய்யும்.

அதற்காக வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை, வரிசை மாறக் கூடாது என்கிறேன். கணக்கைப் பாருங்கள். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி தாளில் 1.8 யூனிட். பேட்டரி சீக்கிரம் கெடாமல் இருக்க அதில் பாதியை மட்டும் எடுப்பது நல்லது, இன்வெர்ட்டர் இழப்பு போக கையில் வருவது முக்கால் யூனிட் அளவில். மூன்று பழைய விசிறிகளை ஓட்டினால் 225 வாட், மூன்று மணி நேரச் சொச்சம் வரும். அதே மூன்றையும் பிஎல்டிசி ஆக்கினால் 90 வாட், எட்டு மணி நேரம் வரும். பேட்டரியைத் தொடாமலேயே அது இரண்டரை மடங்கு பெரிதாகிவிட்டது, வெட்டு இல்லாத நாட்களிலும் மிச்சமாகிறது. ஆகவே விசிறியும் விளக்கும் முதலில். அதன் பிறகு எத்தனை மணி நேரம் குறைகிறது என்று பார்த்து, அந்தக் குறைக்கு மட்டும் பேட்டரி வாங்குங்கள். வாங்கும்போது விசிறி, விளக்கு, இணைய ரௌட்டர் இவற்றை மட்டும் அந்த லைனில் போடச் சொல்லுங்கள். கீசர், அயர்ன்பாக்ஸ், மின்னடுப்பு மாட்டும் பாயின்ட் எதுவும் அதில் வரக் கூடாது. சதுர அலை இன்வெர்ட்டரில் விசிறி உறுமும், சூடாகும், சைன் அலை வகையாகக் கேட்டு வாங்குங்கள். தண்ணீர் ஊற்றும் பேட்டரி என்றால் சில மாதங்களுக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் அளவு பாருங்கள், குழாய்த் தண்ணீர் ஊற்ற வேண்டாம். சார்ஜ் ஆகும் வேகத்தைக் குறைக்கும் சுவிட்ச் உங்கள் மாடலில் இருந்தால், கரண்ட் வந்ததும் முழு வேகத்தில் இழுக்காமல் குறைந்த வேகத்தில் விட்டுவிடுங்கள், அடுத்த வெட்டு வருவதற்குள் எப்படியும் நிறைந்துவிடும்.